கொடி தூக்கும் முன்

இந்த வருஷம் மட்டும் எட்டுப் பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்கள். "குறுவட்டத் தடகளப் போட்டிக்கு நடுவராகப் போட்டிருக்காங்க சார், என்ன பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

விதிப்புத்தகம் உங்கள் போனிலேயே இருக்கும். அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். படிக்காமல் மனசாட்சிப்படி தீர்ப்புச் சொல்கிறேன் என்பவரைப் போல ஆபத்தான ஆள் மைதானத்தில் கிடையாது. ஆனால் புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிப்பவர்கூட ஒரு பிள்ளையின் ஓட்டத்தைக் கெடுத்துவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் கிளாப்பரும் கொடியும் பிடித்ததில் நான் கற்றது ஒரே ஒரு கேள்வி. கொடியைத் தூக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தப்பு யாருது? பிள்ளையுடையதா, நம்முடையதா?

1. டேப்பின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு குறுவட்டப் போட்டி. மைதானத்தில் 200 மீட்டர் சுற்றுக்குத்தான் இடம். முந்தின நாள் சாயங்காலம் சுண்ணாம்பு போட்டது நான்தான். பழைய நோட்டைப் பார்த்து, 200 மீட்டர் ஓட்டத்துக்கு லேனுக்கு லேன் 3.83 மீட்டர் ஸ்டேகர், அதாவது வெளி லேன்காரர் முன்னால் தள்ளி நிற்கும் இடைவெளி, கொடுத்தேன். மறுநாள் காலை 17 வயதுப் பிரிவு மாணவர்கள். ஆறே பேர், நேரடி இறுதி. முதல் லேன் பையன் முதலில் வந்தான். இரண்டாம் லேன் இரண்டாவது, மூன்றாம் லேன் மூன்றாவது. கொஞ்ச நேரம் முன்பு 100 மீட்டரில் எல்லோரையும் விட்டு விலகி ஓடிய பையன் நாலாம் லேனில் ஓடி நாலாவதாக வந்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேலி ஓரம் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, உள்ள ஓடுறவனுக்கு மட்டும் ரோடு கம்மியா?"

3.83 என்பது 400 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் ஓடுவதற்கான கணக்கு. அங்கே ஒரு வளைவுதான் வரும். 200 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் என்றால் முழுச் சுற்று, இரண்டு வளைவு. 7.67 கொடுத்திருக்க வேண்டும். மைதானம் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வராது. லேன் அகலம் 1.22 மீட்டரை 2π-யால் பெருக்கினால் வருகிற எண் அது. (உள்ளே உயர்த்திக் கட்டிய கர்ப் இருந்தால் முதல் லேனை 30 சென்டிமீட்டர் தள்ளியும் மற்ற லேன்களை 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பதால், இரண்டாம் லேனுக்கு மட்டும் 7.04 வரும். வெறும் சுண்ணாம்புக் கோடு உள்ள நம் மைதானங்களில் எல்லா லேனுக்கும் 20தான்.) நாலாம் லேன் பையன் பதினொன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறான். ஆறாம் லேன் பையன் பத்தொன்பது மீட்டருக்கு மேல்.

மைக்கை வாங்கி, கோடு போட்டதில் பிழை, போட்டவன் நான், இரண்டு மணி நேரம் கழித்து மறு ஓட்டம் என்று அறிவித்தேன். முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் ஆசிரியர்கள் என்னைச் சும்மா விடவில்லை. அவர்கள் கோபம் நியாயம். மறு ஓட்டத்தில் நாலாம் லேன் பையன் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் ஆறாம் லேன்காரன். அவனை அதுவரை யாரும் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

2. தடைகளின் கால் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

தடையின் அடிக்கால்கள் ஓடி வருகிறவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் கால் பட்டதும் தடை முன்பக்கம் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, பிள்ளைதான் சாயும். தடை எடுத்து வைக்கும் பையன்களுக்கு இது தெரியாது. பத்துத் தடையையும் நீங்களே நடந்து பார்க்க ஐந்து நிமிஷம் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தடையைத் தட்டி விழ வைத்தது குற்றமில்லை. கையாலோ, உடம்பாலோ, முன்னால் போகும் காலின் மேல்பக்கத்தாலோ தள்ளினால், அல்லது விழுந்த தடை இன்னொருவரை மறித்தால்தான் குற்றம். "மூணு தடை விழுந்தா அவுட்" என்று ஒரு மூத்தவர் உங்களிடம் சொல்வார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு புத்தகத்தைப் பாருங்கள்.

3. வருகைப் பதிவு மேசையில் உட்கார்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நம் மைக்கில் "ஃபர்ஸ்ட் கால், செகண்ட் கால், ஃபைனல் கால்" என்று சொல்வது பாதி மைதானத்துக்குக் கேட்காது. ஸ்பீக்கர் மேடையைப் பார்த்து இருக்கும், பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் இருப்பார்கள். வரவில்லை என்று பெயரை அடிக்கும் முன் ஒரு பையனை ஓட விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எடி ஹார்ட், ரே ராபின்சன் இருவரும் அமெரிக்காவின் நம்பிக்கை நட்சத்திரங்கள். அந்த வருஷத்துத் தேர்வுப் போட்டியில் 9.9 வினாடி ஓடி உலக சாதனையைச் சமன் செய்தவர்கள். 100 மீட்டர் கால் இறுதி எத்தனை மணிக்கு என்பதில் பழைய அட்டவணையை நம்பிவிட்டார் பயிற்சியாளர். டிவியில் தங்கள் சுற்று ஓடுவதைப் பார்த்துத்தான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அங்கே நடுவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஓட்டம் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. ஆனால் அட்டவணையை மாற்றினால் அதை எல்லோர் காதிலும் போடுவது நம் வேலை.

ஒரே பிள்ளை நீளம் தாண்டுதலிலும் 400 மீட்டரிலும் இருந்தால், ஓட்டத்துக்கு அனுப்பிவிட்டு வந்து தாண்டச் சொல்லுங்கள். களப் போட்டியில் ஒரு சுற்றுக்குள் வரிசையை மாற்றிக் கொடுக்க விதியே இடம் தருகிறது. இது தெரியாமல் "ஏதாவது ஒண்ணை விடு" என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைத்தவர்கள் உண்டு.

4. துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்களைத்தான்.

ஸ்டார்ட்டர் வேலையைப் பற்றி மட்டும் நாள் முழுக்கப் பேசலாம். 2002 வரை ஒவ்வொருவருக்கும் ஒரு தவறான புறப்பாடு அனுமதி. 2003இலிருந்து ஓட்டத்துக்கே ஒன்று, அதன் பிறகு யார் செய்தாலும் வெளியே. 2010 முதல், முதல் தடவையே வெளியே (டெகாத்லான் மாதிரிப் பல போட்டிகள் சேர்ந்ததில் மட்டும் பழைய சலுகை இருக்கிறது). 2011இல் தெகு நகரில் உலகப் போட்டி 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் முந்திக் கிளம்பிவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு நடந்தார். போல்ட்டுக்கே இந்த கதி என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கருணை என்று கேட்பீர்கள்.

போல்ட்டின் பின்னால் மின்னணுப் பலகை இருந்தது. 0.100 வினாடிக்குள் கால் அழுத்தம் மாறினால் அது சொல்லும். உங்களிடம் இருப்பது இரண்டு கண்ணும் ஒரு கிளாப்பரும். பெரும்பாலான நேரம் பிள்ளை முந்திக் கிளம்புவதற்குக் காரணம் நாம்தான். "செட்" சொல்லிவிட்டு எல்லோரும் அசையாமல் நிற்கும் வரை பார்க்க வேண்டும், அதற்குமேல் இழுக்கக் கூடாது. நாலு வினாடி இழுத்தால் முழங்கை நடுங்கும், யாராவது ஒருவர் விழுவார். விழுந்தவரை வெளியே அனுப்புவது அநியாயம். அந்த மாதிரி நேரத்தில் "ஸ்டாண்ட் அப்" என்று எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். வெளியே பஸ் ஹார்ன் அடித்தாலும், பக்கத்தில் கபடி விசில் ஊதினாலும், குண்டு எறிதலுக்குக் கைதட்டினாலும் அதேதான். ஓடுகிறவர் மேல் குற்றமில்லை என்று காட்டத்தானே பச்சை அட்டை வைத்திருக்கிறார்கள். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு சிவப்பு அட்டையை மட்டும் வெளியே எடுக்கும் ஸ்டார்ட்டர்கள் நிறைய.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டி, பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியை யூடியூபில் பாருங்கள். சீனாவின் வூ யான்னி முந்திக் கிளம்புகிறார். அந்த அசைவுக்கு நம் ஜோதி யாராஜியும் கிளம்பிவிடுகிறார். முதலில் இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஜோதி நகரவில்லை, திரையைக் காட்டி வாதாடினார். கடைசியில் ஆட்சேபத்தின் பேரில் இருவரையும் ஓடவிட்டார்கள். ஓட்டம் முடிந்தபின் வூவின் தகுதியை நீக்கி, மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கொடுத்தார்கள். ஒருவர் முந்தினால் மற்றவர்களும் பின்னாலேயே கிளம்பிவிடுவது இயல்பு, கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டியது காரணமானவரை மட்டும் என்று விதிப்புத்தகத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியவர் வெயிலில் நின்று ஓட்டம் நடத்திய ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். முதல் ஹீட்ஸுக்கு முன் வரிசையாக நிற்க வைத்துத் தமிழில் சொல்லுங்கள்: "ஆன் யுவர் மார்க்ஸ்னா இப்படி, செட்னா இப்படி, சத்தம் கேட்டா ஓடு. 800 மீட்டர்ல செட் கிடையாது, தரையில கை வைக்கக் கூடாது." ஒரு தடவை கிளாப்பரை அடித்தும் காட்டுங்கள். அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிற பிள்ளைகள் வரிசையில் இருப்பார்கள். வெறுங்காலோடு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

5. கடிகாரத்தைக் கண்ணால் ஓடவிடுங்கள்.

ஒலி 100 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 வினாடி எடுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினால் அவ்வளவையும் ஓடுகிறவருக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். துப்பாக்கியின் புகையைப் பாருங்கள். கிளாப்பர் என்றால் இரண்டு பலகையும் ஒட்டுவதைப் பாருங்கள். பலகையின் உள்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவைத்தால் தூரத்திலிருந்தும் தெரியும்.

கைக் கடிகார நேரத்தை அடுத்த பத்தில் ஒரு வினாடிக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். 12.21 என்றால் 12.3. மூன்று பேர் எடுத்து மூன்றும் வேறுவேறாக வந்தால் நடுவில் உள்ளது. இரண்டு ஒத்துப்போனால் அந்த இரண்டு. இரண்டே கடிகாரம் இருந்தால் அதிக நேரம் காட்டுவது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது இது: பக்கத்து ஆளின் கடிகாரத்தை எட்டிப் பார்க்காதீர்கள். மூத்தவர் 12.4 என்றால் நம்முடைய 12.8 தப்பாகத்தான் இருக்கும் என்று திருத்திக்கொள்ள மனசு வரும். மூன்று பேரை உட்கார வைத்தது மூன்று சாட்சிக்காக. ஒரே சாட்சியை மூன்று தடவை எழுதுவதற்கு ஒரு ஆள் போதும்.

6. முடிவுக் கோட்டில் மார்பைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள்.

தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் இல்லை. உடம்பின் நடுப்பகுதி கோட்டின் முன் விளிம்பைத் தொடுவதுதான் கணக்கு. 2024 பாரிஸில் 100 மீட்டர் இறுதியில் கிஷேன் தாம்சனின் கால் முன்னால் போனது, நோவா லைல்ஸின் மார்பு முன்னால் போனது. லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. தங்கம் மார்புக்குத்தான்.

அந்த மாதிரி இடைவெளியைக் காமிராதான் பிரித்துக் காட்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாரு 55.41. (அந்த 55.42ஐ கோவையின் வித்யா ராம்ராஜ் 39 ஆண்டுகள் கழித்து ஹாங்சோவில்தான் தொட்டார்.) இந்த இரண்டையும் நம் கைக் கடிகாரத்தில் எடுத்து விதிப்படி ஏற்றி எழுதினால் இரண்டுமே 55.5. ஆகவே, நேரத்தைப் பார்த்து இடம் போடாதீர்கள். இடம் பார்க்கத் தனி ஆட்கள். ஒருவர் முதலிடம் மட்டும், அடுத்தவர் இரண்டாமிடம் மட்டும். கோட்டுக்கு நேராக, டிராக்கிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படி வைத்து உட்கார வேண்டும். படி இல்லை என்றால் வகுப்பறைப் பெஞ்சைப் போட்டு மேசையை அதன் பின்னால் வையுங்கள். கோட்டை ஒட்டி நின்றால் முதலில் வருகிறவர் மட்டும்தான் தெரிவார்.

இப்போது எல்லா அப்பாக்களிடமும் போன் இருக்கிறது. ஓட்டம் முடிந்த மறு நிமிஷம் வீடியோவோடு வந்துவிடுவார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் போன்தான் சொல்கிறது. கோட்டுக்குச் சாய்வாக நின்று எடுத்தால், எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, கிட்டத்து லேன்காரரோ தூரத்து லேன்காரரோ முந்தியிருப்பது போலவே தெரியும். இதை அவரையே கோட்டுக்கு நேராக நிற்க வைத்துக் காட்டியிருக்கிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

7. கொடி தூக்குவது தீர்ப்பு இல்லை, சாட்சி.

வளைவில் நிற்கும் நடுவர்கள் முக்கால்வாசிப் பேர் தங்களை நீதிபதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வேலை மஞ்சள் கொடியைத் தூக்குவது, இடத்தை அடையாளம் செய்வது, செஸ்ட் நம்பர், லேன், எத்தனை காலடி என்று எழுதிக் கொடுப்பது. வெளியேற்றுவது தலைமை நடுவரின் வேலை. பார்த்தது மட்டும் எழுதுங்கள். "மிதித்திருப்பார் போல" என்று ஒரு சீட்டு வந்தது. கிழித்துப் போட்டேன்.

கோட்டை மிதித்தால் வெளியே என்று மனப்பாடம் செய்தவர்களுக்குச் சொல்கிறேன். 2021 கடைசியிலிருந்து, வளைவில் இடப்பக்கக் கோட்டை ஒரு தடவை மிதித்தால் குறித்துவைத்துக்கொள்வதோடு சரி. அதே போட்டியின் எந்தச் சுற்றிலாவது மறுபடி மிதித்தால்தான் வெளியே. நேர்ப் பாதையில் கோடு தாண்டி, அதனால் ஒரு லாபமும் இல்லாமல், யாரையும் மறிக்காமல் இருந்தால் ஒன்றும் கிடையாது. வளைவில் வெளிப்பக்கம் போனவர் கூடுதல் தூரம் ஓடுகிறார், அவருக்கு நஷ்டம்தான். இன்னொருவர் தள்ளியதால் உள்ளே கால் வைத்து, அதனால் லாபம் எதுவும் அடையாதவருக்கும் தண்டனை இல்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியை விதிதான் முதலில் கேட்கிறது, நான் கேட்கவில்லை.

போன வருஷங்களில் ஒன்றில் 800 மீட்டர். ஒரு பெண் உள் கோட்டுக்குள் இரண்டு காலடி வைத்தாள், கொடி உயர்ந்தது. பின்னால் வந்தவளின் முழங்கை முதுகில் பட்டதை அதே நடுவர் பார்த்திருக்கிறார், எழுதவில்லை. "கேட்டது கோடு பத்தித்தானே சார்" என்றார். காரணத்தையும் எழுதுங்கள் தம்பி. சாட்சிக்கூண்டில் பாதி உண்மைக்கு என்ன மரியாதையோ அதுதான் இங்கேயும்.

8. சுற்று எண்ணுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது.

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் இறுதியில் சுற்று எண்ணியவர் பிழை செய்ததால் எல்லோரும் ஒரு சுற்று கூடுதலாக, கிட்டத்தட்ட 3460 மீட்டர், ஓடினார்கள். பின்லாந்தின் வோல்மாரி இசோ-ஹொல்லோ எப்படியும் ஜெயித்திருப்பார். 3000 மீட்டர் முடிந்த இடத்தில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கர் ஜோ மெக்கிளஸ்கி அந்தக் கூடுதல் சுற்றில் மூன்றாவதானார். மறு ஓட்டம் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றார். வெள்ளி, அவரைத் தாண்டிப் போன இங்கிலாந்துக்காரருக்கே போனது. இன்றும் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஒலிம்பிக்கில் நடந்தது நம் 3000 மீட்டரில் நடக்காதா? இரண்டு பேர் தனித்தனித் தாளில் எழுதட்டும். மணி, முன்னால் ஓடுகிறவர் கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது. ஒரு சுற்றுப் பின்தங்கிய பிள்ளை அந்த மணியைத் தனக்கென்று நினைத்து நின்றுவிடும். அதன் பக்கத்தில் ஓடி "உனக்கு இன்னும் ரெண்டு" என்று விரலைக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

9. தொடர் ஓட்டத்தில் காலைப் பார்க்காதீர்கள், குச்சியைப் பாருங்கள்.

பேட்டன் கைமாறும் கணத்தில் அது மாற்றும் மண்டலத்துக்குள் இருந்ததா என்பதுதான் கேள்வி. வாங்குகிறவரின் கால் வெளியே இருந்தாலும் கவலையில்லை. 4x100இல் மண்டலம் இப்போது 30 மீட்டர். பழைய 20 மீட்டரையே இன்னும் போட்டுவைத்து அதற்கு வெளியே மாற்றினார்கள் என்று பிள்ளைகளை வெளியேற்றுகிற மைதானங்கள் இருக்கின்றன. தப்பு யாருது?

குச்சி விழுந்துவிட்டால் கதை முடிந்தது என்று பிள்ளைகளே நினைத்துக்கொண்டு அழுவார்கள். விழவிட்டவரே எடுத்துக்கொண்டு, தூரத்தைக் குறைக்காமல், யாரையும் மறிக்காமல் ஓடலாம். 2016 ரியோவில் அமெரிக்கப் பெண்கள் அணியை பிரேசில் வீராங்கனை இடித்ததால் குச்சி விழுந்தது. எடுத்து ஓடி முடித்தார்கள், முறையீடு செய்தார்கள். அன்று மாலையே காலி மைதானத்தில் அந்த ஒரு அணி மட்டும் தனியாக ஓடியது, இறுதிக்குத் தகுதி பெற்றது, தங்கமும் வாங்கியது. அவர்கள் உள்ளே வந்ததால் வெளியே போனது சீன அணி. அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு ஒன்றுமில்லை. சரியான தீர்ப்பிலும் இப்படி ஒருவர் அடிபடுவார். அவர்களிடம் போய் நீங்களே காரணத்தைச் சொல்லுங்கள், அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

10. உங்கள் பள்ளிப் பிள்ளை ஓடும்போது எழுந்து போய்விடுங்கள்.

டீ குடிக்கப் போங்கள். நேர்மையாகத்தான் இருப்பேன் என்பீர்கள். நானும் இருந்தேன், என் பிள்ளை மேல் யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று நாலாமிடம் போட்டேன். மூன்றாவதாக வந்தாள் என்று பக்கத்தில் இருந்தவர் அடுத்த நாள் சொன்னார். நேர்மையைக் காட்டிக்கொள்ள அவள் சான்றிதழைச் செலவு செய்துவிட்டேன். குறுவட்டத்தில் முதல் மூவரோடு நிறுத்திக்கொள்ளும் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

11. முறையீட்டோடு வருகிறவருக்கு நாற்காலி போடுங்கள்.

முடிவு அறிவித்த 30 நிமிஷத்துக்குள் முறையிட அவருக்கு உரிமை உண்டு. எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, வாயால் சொன்னாலே போதும். "கத்துறதை நிறுத்திட்டு எழுதிக் கொடுங்க" என்று வெள்ளைத்தாளை நீட்டுவது தப்பிக்கும் வழி. பெற்றவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். முதலில் தண்ணீர் கொடுங்கள். கேட்டு முடித்ததும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிழை நம்முடையது என்றால் அறிவித்த அதே மைக்கில் திருத்திச் சொல்லுங்கள். சாயங்காலம் பரிசளிப்பில் பெயரை மட்டும் மாற்றி வாசித்துவிட்டுப் போகிற பழக்கம் வேண்டாம்.

12. வெயில்.

அட்டவணை பிந்திவிட்டது என்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு 3000 மீட்டர் ஓட விடுகிறோம். அப்படி ஓட்டச் சொல்லும் விதி எதுவும் இல்லை. சிறப்பு விருந்தினர் மூன்று மணிக்கு வருகிறார் என்பதும் விதி இல்லை. காலை ஏழு மணிக்கே நெடுந்தூரத்தை முடித்துவிடுங்கள். தவறிவிட்டால் நாலரைக்குத் தள்ளுங்கள். விருந்தினர் இருந்து பார்க்கட்டும்.

விழுந்த பிள்ளையைத் தொட்டால் வெளியேற்ற வேண்டியிருக்குமே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எழுந்து நிற்கக் கைகொடுப்பதும் மருத்துவ உதவிக்கு அழைத்துப் போவதும் இப்போதைய விதிப்படி தடை செய்யப்பட்ட உதவியில் சேராது. அப்படிச் சேர்ந்தாலும்தான் என்ன, முதலில் தூக்குங்கள்.

இன்னும் எழுதலாம். கை வலிக்கிறது, பேத்தி போனைக் கேட்கிறாள். கடைசியாக ஒரு சின்ன விஷயம். உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் ஒரு துணி டேப் இருக்கும், முனை நைந்து, முதல் பத்து சென்டிமீட்டர் அழிந்துபோய். இழுத்தால் நீளும், போன மழைக்கு நனைந்தும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தலைமையாசிரியரிடம் கேட்டு 50 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று வாங்குங்கள். தர மறுத்தால் நாலு பள்ளி சேர்ந்து வாங்குங்கள். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போய்விடுங்கள், இருட்டும் முன் ஒரு தடவை அளக்கவும், அளந்ததை இன்னொருவர் சரிபார்க்கவும் நேரம் இருக்கும்.